பதட்டமா, டிப்ரஷனா, இல்ல ரெண்டுமா? டாக்டர்கிட்ட போறதுல இருந்து மாத்திரைய நிறுத்தற வரைக்கும்

நெஞ்சு படபடன்னு அடிக்குது, கை வேர்க்குது, ஹார்ட் அட்டாக்கோன்னு பயந்து ராத்திரி கேஷுவாலிட்டிக்கு ஓடுவோம், ஈசிஜி நார்மல், ரத்த டெஸ்ட் நார்மல், மறுநாள் எக்கோ நார்மல், ட்ரெட்மில்லும் நார்மல், "கேஸ் ட்ரபிள்தான் சார், டென்ஷன் ஆகாதீங்க"ன்னு ஒரு அசிடிட்டி மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிடுவாங்க. இந்த ரவுண்ட ரெண்டு மூணு தடவ அடிச்சவங்களுக்கும் அவங்க வீட்டுல இருக்கறவங்களுக்கும்தான் இத எழுதறேன். நான் டாக்டர் இல்ல, இந்த ட்ரீட்மென்ட் எடுத்துக்கிட்ட ஆள், ஆராய்ச்சிக் கட்டுரைங்கள தேடிப் படிக்கற பழக்கம் உண்டு, அவ்ளோதான்.

பதட்டம்னு டாக்டர்கிட்ட போறவங்க பெரும்பாலும் படபடப்ப மட்டும்தான் சொல்றாங்க. அதுக்குப் பின்னாடி இருக்கற சோர்வு, எதுலயும் ஆசை இல்லாம போனது, விடியக்காலைல முழிச்சுக்கிட்டு அழுதது, இதெல்லாம் வாயத் திறந்து சொல்றதே இல்ல. படபடப்பு உடம்பு வியாதி மாதிரி தெரியுது, அத சொல்ல வெட்கம் இல்ல. அழுகைய சொல்ல வெட்கமா இருக்கு. ஆனா பதட்டமும் டிப்ரஷனும் (மனச்சோர்வுன்னு சொல்றது) ரெண்டும் இருந்தா ட்ரீட்மென்ட் போற வழியே கொஞ்சம் மாறும், அதனால ரெண்டையும் சொல்லணும். இந்தப் பதிவுல மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

ஏன் ரெண்டும் ஜோடியா வருது

அமெரிக்காவுல ரொனால்ட் கெஸ்லர் டீம் 2003ல வெளியிட்ட பெரிய சர்வேல, வாழ்க்கைல எப்பவாவது பெரிய அளவு டிப்ரஷன் வந்தவங்கள்ல 59 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு பதட்ட நோயும் வந்திருக்கு. அதாவது டிப்ரஷன் மட்டும் தனியா வந்தவங்கதான் கம்மி. நம்ம நாட்டுல 2017 வருஷத்துக்கான கணக்குப்படி டிப்ரஷன் வகை நோய்ங்க 4.57 கோடி பேருக்கு, பதட்ட வகை நோய்ங்க 4.49 கோடி பேருக்கு. இத அப்படியே கூட்டி ஒன்பது கோடின்னு போடக் கூடாது, ஏன்னா ஒரே ஆளு ரெண்டு கணக்குலயும் இருப்பாரு.

எது முன்னாடி வரும்னா, பெரும்பாலும் பதட்டம்தான். அதே கெஸ்லரோட 2005 கட்டுரைல பதட்ட நோய்ங்க ஆரம்பிக்கற வயசு நடுவாந்திரமா 11, மனச்சோர்வு வகைங்களுக்கு 30. அம்மாவ விட்டு இருக்க பயம், நாலு பேர் முன்னாடி பேச பயம், இதெல்லாம் ஸ்கூல் வயசுலயே ஆரம்பிச்சிடுது, வீட்டுல "பையன் கூச்ச சுபாவம்"னு விட்டுடறோம். எல்லா பதட்டமும் அப்படி இல்ல, எதுக்கெடுத்தாலும் கவலப்படற பொதுவான பதட்ட நோய் பலருக்கு முப்பது வயசுக்கு மேலதான் தலை காட்டும், அது வேற கதை.

பயம் எப்படி சோர்வா மாறுதுன்னு என் அனுபவத்துல நான் புரிஞ்சுக்கிட்டது இது. பயம் வந்தா அந்த இடத்துக்குப் போகாம இருப்போம். மொதல்ல பஸ் வேணாம், அப்புறம் கல்யாண மண்டபம் வேணாம், அப்புறம் ஃப்ரெண்டு வீடு வேணாம், கடைசில ஃபோன் அடிச்சாக் கூட எடுக்கறதில்ல. பயம் கொஞ்சம் அடங்கும், ஆனா சந்தோஷம் எங்கெங்க இருந்து வந்துச்சோ அந்த வாசல எல்லாம் நாமளே சாத்திட்டு வந்திருப்போம். ஆறு மாசம் கழிச்சு மனசு செத்துப் போன மாதிரி இருக்குன்னா ஆச்சரியப்பட என்ன இருக்கு.

பரம்பரை பத்தியும் ஒண்ணு சொல்லணும். கென்னத் கென்ட்லர்னு ஒருத்தர், வர்ஜீனியாவுல ஆயிரம் ஜோடிக்கு மேல இரட்டைப் பிறவிப் பெண்கள வச்சு 1992ல ஒரு ஆய்வு செஞ்சாரு. டிப்ரஷனுக்கும் பொதுவான பதட்ட நோய்க்கும் மரபணு வழியா வர்ற பங்கு கிட்டத்தட்ட ஒண்ணேதான்னு வந்துச்சு, எது வெளிய வரும்னு முடிவு பண்றதுல வாழ்க்கைல நடக்கற விஷயங்களுக்குப் பங்கு அதிகம். 2003ல அவங்களே தோண்டிப் பாத்தப்ப, இழப்போட அவமானமும் சேர்ந்த சம்பவங்களுக்கு அப்புறம் டிப்ரஷன் அதிகம் வருது, இழப்போட "இனிமே என்ன ஆகுமோ"ங்கற ஆபத்தும் சேர்ந்தா பதட்டம் அதிகம் வருது. வேலை போனத மட்டும் யோசிச்சுப் பாருங்க. வேலையும் போச்சு, சொந்தக்காரங்க முன்னாடி தலை குனியவும் வேண்டியிருக்கு, அடுத்த மாச ஈஎம்ஐயும் நிக்குது. மூணும் ஒரே சம்பவத்துல இருக்கு, அப்புறம் ரெண்டு நோயும் ஒண்ணா வராம என்ன பண்ணும்?

வீட்டுல உக்காந்து பிரிச்சுப் பாக்கறது

லீ அன்னா கிளார்க், டேவிட் வாட்சன்னு ரெண்டு பேர் 1991ல சொன்ன ஒரு கணக்கு இருக்கு, எனக்கு ரொம்ப உதவுச்சு. மனசு சரியில்லாம இருக்கறது, எரிச்சல், தூக்கம் கெடறது, கவனம் நிக்காதது இதெல்லாம் ரெண்டுக்கும் பொது. இத வச்சு எதுன்னு கண்டுபிடிக்கவே முடியாது. பதட்டத்துக்குன்னு தனியா இருக்கறது உடம்பு உஷார் நிலைலயே நிக்கறது: படபடப்பு, மூச்சு முட்டல், நடுக்கம், தலைசுத்தல். டிப்ரஷனுக்குன்னு தனியா இருக்கறது சந்தோஷம் வராம போறது. பிடிச்ச பாட்டு போட்டாலும் ஒண்ணும் தோணாது, பேரக் குழந்தை வந்து மடில ஏறினாலும் மனசு அசையாது.

அதனால உங்கள நீங்க கேட்டுக்க வேண்டியது ரெண்டே கேள்வி. உடம்பு சும்மா சும்மா பதறுதா? சந்தோஷம் தந்த விஷயம் இப்பவும் சந்தோஷம் தருதா? மொத கேள்விக்கு ஆமா, ரெண்டாவதுக்கு இல்லன்னா ரெண்டு பக்கமும் பாக்கணும்.

இத விட முறையா பாக்க ரெண்டு கேள்வித்தாள் இருக்கு, பதட்டத்துக்கு ஜிஏடி-7, டிப்ரஷனுக்கு பிஹெச்க்யூ-9. ராபர்ட் ஸ்பிட்சர், கர்ட் குரோன்கே இவங்கெல்லாம் சேர்ந்து உருவாக்கினது, பிஹெச்க்யூ-9 2001ல வந்துச்சு, ஜிஏடி-7 2006ல. தமிழ்லயும் இருக்கு, காசு கிடையாது. போன ரெண்டு வாரத்துல இது எத்தன நாள் இருந்துச்சுன்னு கேக்கும், ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 3 வரைக்கும் மார்க். ஜிஏடி-7ல மொத்தம் 21, அதுல 10ஓ அதுக்கு மேலயோ வந்தா டாக்டரப் பாக்கற அளவு. பிஹெச்க்யூ-9ல மொத்தம் 27, அங்கயும் 10தான் கோடு, 20ஓ அதுக்கு மேலயோ வந்தா தீவிரம். ரெண்டையும் ஒரே நாள்ல போடுங்க, ஒண்ண மட்டும் போட்டா பாதிப் படம்தான் தெரியும். மார்க் வந்துடுச்சுன்னு நோய்னு முடிவு பண்ணிடாதீங்க, இது சல்லடைதான், தீர்ப்பு டாக்டர் சொல்லணும். ஆனா பேப்பர பத்திரமா வச்சுக்கங்க, தேதி போட்டு.

பிஹெச்க்யூ-9ல ஒன்பதாவது கேள்வி, செத்துப் போயிட்டா தேவலன்னோ உங்கள நீங்களே காயப்படுத்திக்கணும்னோ தோணுதான்னு கேக்கும். அதுல 0 தவிர வேற என்ன போட்டாலும் மொத்த மார்க்க பாக்காதீங்க, அன்னைக்கே வீட்டுல ஒருத்தர்கிட்ட சொல்லுங்க, டாக்டரப் பாருங்க. மத்திய அரசோட மனநல உதவி ஃபோன் டெலி மானஸ், நம்பர் 14416, இலவசம், ராத்திரி பகல் எப்ப வேணா பேசலாம், தமிழ்லயே பேசுவாங்க. தமிழ்நாட்டுல 104ம் இருக்கு, தற்கொலைத் தடுப்புக்காக சென்னைல 1986ல இருந்து இயங்கற சினேகா அமைப்புக்கு 044-24640050. செய்யப் போறேன்னு தோணுற அளவுக்கு இருந்தா தனியா இருக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்குப் போங்க.

எந்த டாக்டர், என்ன சொல்றது

மொதல்ல ஒரு பொது மருத்துவர்கிட்ட உடம்ப செக் பண்ணிக்கங்க. தைராய்டு அதிகமா சுரந்தா அப்படியே பதட்டம் மாதிரி இருக்கும், கம்மியா சுரந்தா டிப்ரஷன் மாதிரி. ரத்த சோகை, பி12 குறைவு, சர்க்கரை இறங்கறது, இதயத் துடிப்புக் கோளாறு, ஆஸ்துமாவுக்கு எடுக்கற சால்பியூட்டமால் இன்ஹேலர், இதெல்லாம் கூட படபடப்போ சோர்வோ கொடுக்கும். ஒரு நாளைக்கு எத்தன காபின்னு நேர்மையா எண்ணுங்க, நம்ம ஊரு ஃபில்டர் காபி ஸ்ட்ராங்கா நாலு டம்ளர் போனா மனுஷனுக்கு நடுங்காம என்ன பண்ணும். ஆனா ஒரு தடவ எல்லாம் பாத்து நார்மல்னு வந்த அப்புறம் வேற லேப், வேற ஊருன்னு திரும்பத் திரும்ப மாஸ்டர் செக்கப் பண்றத நிறுத்துங்க. அதுவே பதட்டத்தோட ஒரு பாகம். ரிப்போர்ட் தர்ற நிம்மதி ரெண்டு நாளைக்கு மேல தங்காது. நெஞ்சு வலி புது மாதிரி வந்தா, கைக்குப் பரவினா, நடக்கும்போது வந்து நின்னா போச்சுன்னா அது வேற, உடனே போகணும்.

அப்புறம் மனநல மருத்துவர், அதாவது சைக்கியாட்ரிஸ்ட். மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி, மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரில மனநல ஓபி இருக்கும், மாத்திரை இலவசம். "கீழ்ப்பாக்கம் போகணுமா"ன்னு பயப்பட வேணாம், அந்தப் பேர வச்சு நாம கேலி பேசிப் பேசியே நம்ம ஆளுங்கள பாதி தடுத்து வச்சிருக்கோம். பெங்களூருல இருக்கற மனநல ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸ் 2015-16ல தமிழ்நாடு உட்பட 12 மாநிலத்துல எடுத்த தேசிய மனநல சர்வேல, நோயப் பொறுத்து 70ல இருந்து 92 சதவீதம் பேர் வரைக்கும் ட்ரீட்மென்ட்டே இல்லாம இருந்தாங்க.

உள்ள போனா அஞ்சு பத்து நிமிஷம்தான் கிடைக்கும், ஓபி கூட்டம் அப்படி. அதனால ஒரு பேப்பர்ல எழுதிட்டுப் போங்க. எப்ப ஆரம்பிச்சுது, பதட்டம் முன்னாடியா சோர்வு முன்னாடியா, தூக்கம் எப்படி (படுத்தா வரலையா, வந்து மூணு மணிக்கு முழிப்பா), எத எத தவிர்க்கறீங்க, குடிப்பழக்கம், இப்ப சாப்பிடற எல்லா மாத்திரையும், வீட்டுல யாருக்காவது இருந்துச்சா. இதுல ஒண்ணு விடவே கூடாது: வாழ்க்கைல எப்பவாவது சில நாள் தூக்கமே இல்லாம ஆனாலும் களைப்பே இல்லாம, பேச்சு நிக்காம, காச அள்ளி வீசி, பெரிய பெரிய பிளான் போட்டுட்டுத் திரிஞ்ச காலம் இருந்துச்சா. இருந்தா அது பைபோலரா (மனசு ஒரு காலம் எகிறி, இன்னொரு காலம் கீழ விழற நோய்) இருக்கலாம், அப்ப வெறும் டிப்ரஷன் மாத்திரை கொடுத்தா ஆள் தூக்கி அடிச்ச மாதிரி எகிறிடலாம். டாக்டர் கேக்கலன்னாலும் நீங்க சொல்லணும். கர்ப்பமா இருந்தாலோ பிளான் பண்ணினாலோ அதையும்.

சீட்டுல எஃப்41.2ன்னு எழுதி இருந்தா பயந்துடாதீங்க, பதட்டமும் சோர்வும் கலந்து, ரெண்டும் தனித்தனியா நோய்னு சொல்ற அளவுக்குப் போகலன்னு உலக சுகாதார நிறுவனத்தோட பழைய பட்டியல்ல இருக்கற நம்பர் அது. நம்ம ஊர்ல நிறைய பேருக்கு இதான் எழுதுவாங்க.

மாத்திரை

எஸ்எஸ்ஆர்ஐன்னு ஒரு குடும்பம், எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின், ஃப்ளூவாக்ஸெட்டின் இதெல்லாம். பேரு டிப்ரஷன் மாத்திரைன்னு இருந்தாலும் பதட்டத்துக்கும் இதான் மொத மாத்திரை, அதனால "எனக்குப் பதட்டம்தான, டிப்ரஷன் மாத்திரை ஏன்"னு நிறுத்திடாதீங்க. இது தூக்க மாத்திரையும் இல்ல, அடிமையாக்கற மாத்திரையும் இல்ல.

சிக்கல் எங்கன்னா மொத ரெண்டு வாரம். குமட்டல், வயித்துப் போக்கு, தலைவலி, சிலருக்கு படபடப்பே கொஞ்சம் கூடும். பதட்டக்காரங்களுக்கு உடம்புல சின்ன மாற்றம் வந்தாலே பயம், அதனால கரெக்டா இந்த நேரத்துலதான் "எனக்கு ஒத்துக்கல"ன்னு குப்பைல போட்டுடறாங்க. பலன் தெரிய ரெண்டுல இருந்து ஆறு வாரம் ஆகும். தொல்லை மொதல்ல வருது, பலன் பின்னாடி வருது, இத யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா பாதி பேர் விட்டிருக்க மாட்டாங்க. கம்மி டோஸ்ல ஆரம்பிக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, சாப்பாட்டுக்கு அப்புறம் போடலாமான்னு கேளுங்க. 25 வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு ஆரம்பத்துல தற்கொலை எண்ணம் கூடுதான்னு வீட்டுல ஒருத்தர் கவனிக்கணும், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2004ல சிறுவர்களுக்கும் 2007ல 24 வயசு வரைக்கும் எச்சரிக்கை போட்டிருக்கு. தாம்பத்தியத்துல ஆசை குறையறது, உச்சம் வர தாமதம் ஆகறது இதெல்லாம் நிறைய பேருக்கு வரும், வெட்கப்படாம சொல்லுங்க, மாத்திரைய மாத்த வழி இருக்கு.

இன்னொரு குடும்பம் அல்பிரசோலம், குளோனசெபாம், லோரசெபாம். போட்ட அரை மணி ஒரு மணில மனசு அடங்கும், அதான் ஆபத்து. நம்ம ஊர்ல எஸ்சிட்டலோபிராமோட குளோனசெபாம சேர்த்து ஒரே மாத்திரையா விக்கறாங்க, ஆரம்ப வாரங்கள்ல டாக்டர் கொடுத்தா காரணம் இருக்கு, ஆனா வருஷக்கணக்கா அதே சீட்ட நீட்டி மெடிக்கல் ஷாப்ல வாங்கறவங்க எத்தன பேர். இது பழகிடும், திடீர்னு விட்டா வலிப்பு வரைக்கும் போகலாம், குடியோட சேர்ந்தா மூச்சே அடங்கலாம். டிப்ரஷன இது சரி பண்ணவும் செய்யாது. "இது எத்தன வாரத்துக்கு?"ன்னு மொத நாளே கேட்டு சீட்டுலயே எழுதி வாங்குங்க. ஏற்கனவே ரொம்ப நாளா சாப்பிடறீங்கன்னா இதப் படிச்சிட்டு இன்னைக்கே நிறுத்திடாதீங்க, டாக்டர்தான் மெதுவா இறக்கணும்.

அப்புறம் ஒரு உண்மை. டிப்ரஷனோட பதட்டமும் சேர்ந்து இருக்கறவங்களுக்கு குணமாக நாள் கூட ஆகும், மொத மாத்திரைலயே முழுசா சரியாகறவங்க கம்மி, ஸ்டார்-டின்னு அமெரிக்காவுல நடந்த பெரிய ஆய்வுல இது தெளிவா தெரிஞ்சுது. அதனால ஆறு வாரத்துல பாதிதான் சரியாச்சுன்னா நீங்க தேறாத கேஸ்னு அர்த்தம் இல்ல, டோஸ் ஏத்தறதோ மாத்தறதோ பேச்சு சிகிச்சை சேக்கறதோ அடுத்த படி.

பேச்சு சிகிச்சை, அதுல நீங்க செய்ய வேண்டியது

சிபிடின்னு சொல்றாங்க, எண்ணத்தையும் நடத்தையையும் மாத்தற முறை. யாருகிட்ட போறீங்கன்னு பாருங்க, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்கணும், கேக்கறதுல தப்பே இல்ல. இன்ஸ்டாவுல "லைஃப் கோச்"னு போட்டுக்கிட்டு மணிக்கு இவ்ளோன்னு வாங்கறவங்ககிட்ட நான் அனுப்ப மாட்டேன்.

பேனிக் அட்டாக்குக்கு, அதாவது திடீர்னு உச்சத்துக்கு வர்ற பயத்துக்கு, டேவிட் கிளார்க் 1986ல சொன்ன விளக்கம்தான் இன்னைக்கும் அடிப்படை. நெஞ்சு லேசா அடிக்கும், "செத்துடுவேன்"னு மனசு மொழிபெயர்க்கும், பயத்துல இன்னும் வேகமா அடிக்கும், "பாத்தியா சொன்னேன்ல"ன்னு மனசு சொல்லும். காத்துல பறக்கற பேப்பருக்குக் குரைக்கற நாய் மாதிரிதான் உடம்பு. பத்து நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போயிட்டு தானா இறங்கும். அதனால சிகிச்சைல அந்த படபடப்பயே வேணும்னு வரவழைப்பாங்க, மாடிப்படி ஓடி ஏறறது, சுழல் நாற்காலில சுத்தறது, ஸ்ட்ரா வழியா மூச்சு விடறது. வந்துட்டுப் போகும், ஒண்ணும் ஆகாதுன்னு உடம்பு தானே கத்துக்கும். இதயம், ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் இருந்தா டாக்டர கேக்காம செய்யக் கூடாது.

வெளிய போக பயம்னா ஏணி கட்டணும். பஸ் பயம்னு வச்சுக்கங்க, மொத வாரம் ஸ்டாப்புல சும்மா நிக்கறது, அடுத்து மத்தியானம் காலி பஸ்ல ஒரு ஸ்டாப், அப்புறம் மூணு ஸ்டாப், அப்புறம் தனியா, கடைசில ஆபீஸ் நேரத்துல 29சி. ஒவ்வொரு படிலயும் பயம் தானா குறையற வரைக்கும் இருக்கணும், உச்சத்துல இறங்கி ஓடினா பயம்தான் ஜெயிக்கும். பாக்கெட்ல அல்பிரசோலம வச்சுக்கிட்டு செய்யறது பத்தி ஐசக் மார்க்ஸ் டீம் லண்டன்லயும் டொரன்டோவுலயும் நடத்தின ஆய்வு 1993ல வந்துச்சு. பயத்த நேருக்கு நேர் பழகினவங்களுக்குக் கிடைச்ச பலன் தங்கிச்சு, அல்பிரசோலம் பலன் மாத்திரை நின்னதும் போச்சு, ரெண்டையும் சேர்த்தவங்களுக்குப் பயிற்சியோட பலனே கொஞ்சம் கெட்டுது.

சோர்வு பக்கத்துக்கு வேற வேலை. மூடு வந்தா செய்யலாம்னு காத்திருக்காம, நேரம் குறிச்சு சின்ன வேலைய செய்யறது, மூடு பின்னாடி வரும். சின்னதுன்னா நிஜமாவே சின்னது, குளிக்கறது, தெருமுனை வரைக்கும் நடக்கறது, ஒரு ஆளுக்கு ஃபோன். இத ஏனோதானோ அட்வைஸ்னு நினைக்காதீங்க. கோவாவுல விக்ரம் படேல் டீம், மனநலப் படிப்பே படிக்காத சாதாரண ஆளுங்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல ஆறுல இருந்து எட்டு சந்திப்புல இதத்தான் செய்ய வச்சாங்க, 2017ல முடிவு வந்துச்சு. மூணு மாசத்துல இந்தக் குழுல 64 சதவீதம் பேர் டிப்ரஷன்ல இருந்து வெளிய வந்திருந்தாங்க, வழக்கமான கவனிப்பு மட்டும் இருந்த குழுல 39.

ரெண்டுல எத முதல்ல? சோர்வு தீவிரமா இருந்து படுக்கைய விட்டே எழுந்திரிக்க முடியலன்னா அத மொதல்ல தூக்கணும், எழுந்திரிக்கவே தெம்பு இல்லாத ஆள பஸ் ஏறச் சொல்லி பிரயோஜனம் இல்ல. லேசா இருந்தா பயத்துல ஆரம்பிக்கலாம், வெளிய போகப் போக சோர்வும் கொஞ்சம் விலகும். ரெண்டுக்கும் ஒரே பாடத்திட்டமா டேவிட் பார்லோ பாஸ்டன்ல ஒண்ணு உருவாக்கி, 2017ல ஒவ்வொரு பதட்ட நோய்க்கும் தனித்தனியா இருக்கற முறைங்களோட ஒப்பிட்டுப் பாத்தாரு, சமமாத்தான் வந்துச்சு.

கவலை நிக்காம ஓடறவங்களுக்கு தாமஸ் போர்கோவெக் 1983லயே சொன்ன ஒரு வித்தை இருக்கு. தினமும் சாயங்காலம் ஒரே இடம், ஒரே நேரம், அரை மணி, அதான் கவலைப்படற டைம். நடுவுல வர்ற கவலைய ஒரு வரி எழுதி வச்சிட்டு "ஆறு மணிக்குப் பாத்துக்கலாம்"னு ஒத்திப் போடணும். கேக்க காமெடியா இருக்கும். ஆறு மணிக்கு உக்காந்தா பாதி கவலைக்கு மவுசே இருக்காது. படுக்கைல மட்டும் அந்த டைம வைக்காதீங்க.

தியானம் உதவுமான்னு கேப்பாங்க. எலிசபெத் ஹோஜ் டீம் 2022ல 276 பேர வச்சுப் பாத்ததுல, எட்டு வாரம் முறையா வகுப்புக்குப் போய் தினமும் வீட்டுல பழகினவங்களுக்கு எஸ்சிட்டலோபிராம் சாப்பிட்டவங்களுக்கு நிகரா பதட்டம் குறைஞ்சுது. யூடியூப்ல ரெண்டு நிமிஷம் கண்ண மூடறது இந்தக் கணக்குல வராது. டிப்ரஷன் தீவிரமா இருந்தா தியானத்த மட்டும் நம்பி மாத்திரைய விடாதீங்க.

வீட்டுல இருக்கறவங்களுக்கு

"உனக்கு என்ன குறை, சோறு இல்லையா துணி இல்லையா"ன்னு கேக்காதீங்க, அதுக்குப் பதில் அவங்ககிட்ட இல்ல. "எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"ன்னு பத்து தடவ கேட்டா பத்து தடவயும் "ஆகாது"ன்னு சொல்லிட்டே இருந்தா அந்தக் கேள்வி வளரத்தான் செய்யும், ஒரு தடவ அன்பா சொல்லிட்டு "வா, கடைக்குப் போயிட்டு வரலாம்"னு கூப்பிடுங்க. அவங்க வேலைய எல்லாம் நீங்களே எடுத்துச் செஞ்சு வைக்காதீங்க. கோயில், மந்திரிக்கறது, கயிறு கட்டறது அவங்க நம்பிக்கைன்னா சண்டை போடாம அதுவும் நடக்கட்டும், ஓபிக்குப் போறது மட்டும் தவறக் கூடாது.

நிறுத்தறது

நல்லாயிடுச்சுன்னு தோணின அன்னைக்கு நிறுத்தற நாள் இல்ல. பொதுவா முழுசா சரியான அப்புறம் ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம் தொடரச் சொல்லுவாங்க, ரெண்டு மூணு தடவ திரும்ப வந்தவங்களுக்கு இன்னும் அதிகம். இறக்கறது படிப்படியா, டாக்டர் சொல்ற கணக்குல. பரீட்சை மாசம், வீட்டுல கல்யாணம், வேலை மாறற நேரம் இதுல ஆரம்பிக்காதீங்க.

இறக்கும்போது தலைசுத்தல், மண்டைக்குள்ள ஷாக் அடிச்ச மாதிரி, விசித்திரக் கனவு, எரிச்சல் வந்தா அது நோய் திரும்பிடுச்சுன்னு இல்ல, மாத்திரை குறைஞ்சதுக்கு உடம்பு காட்டற எதிர்வினை. இது பெரும்பாலும் டோஸ் குறைச்ச சில நாள்லயே ஆரம்பிச்சிடும், முன்னாடி இல்லாத புது தொல்லையா இருக்கும், பலருக்கு ஓரிரு வாரத்துல அடங்கும், சிலருக்கு இழுக்கும், அப்ப இன்னும் மெதுவா இறக்கச் சொல்லிக் கேளுங்க. நோய் திரும்பறது அப்படி வராது, வாரக்கணக்குல மெதுவா ஊர்ந்து வரும், பழைய பாணிலயே வரும், மொதல்ல தூக்கம், அப்புறம் ஃபோன எடுக்காம விடறது, அப்புறம் "அந்த விசேஷத்துக்கு நான் வரல". அதனால இறக்கற காலத்துல ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ அந்த ரெண்டு கேள்வித்தாளையும் திரும்பப் போட்டு பக்கத்துல தேதி எழுதுங்க. ரெண்டு தடவ தொடர்ந்து மார்க் ஏறினா அடுத்த ரிவியூ தேதி வரைக்கும் காத்திருக்காம ஓபிக்குப் போயிடுங்க, பழைய சீட்டையும் கையோட எடுத்துட்டு.